பெயர் பொருந்தாத பூ

2025 பிப்ரவரியில் ஒரு வேலை நாள் மதியம் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். வெளிறிய சரளைக் கற்களுக்கு நடுவில் வெள்ளைப் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஏதோ ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது செடி என்று தெரிந்தது. இலை முழுக்க ரோமம். ரோமத்துக்குள் பாதி புதைந்தபடி ஒரு மஞ்சள் பூ. அதன் இரண்டு ஓரத்திலும் கருஞ்சிவப்புச் சாயலோடு கொம்பு முளைத்த மாதிரி ஒவ்வோர் இதழ். "நீங்கதானே பாட்டனி படிச்சவர், என்ன குடும்பம்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கீழே எழுதியிருந்தார்.

ரோமத்தைப் பார்த்துவிட்டுச் சிறுபீளை வகையாக இருக்கும் என்று பதில் போட்டேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற அந்தச் சிறுபீளைதான். தப்பு. அது சூரியகாந்திக் குடும்பம். அதற்கு அந்த மாதம்தான் பெயர் வைத்திருந்தார்கள்: ஓவிகுலா பைரேடியேட்டா. டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் கண்டுபிடித்தது. புதிய சிற்றினம் மட்டும் இல்லை, அதை வைக்கப் புதிய பேரினமே, அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்து வைக்கிற தொகுதியே, உண்டாக்க வேண்டியிருந்தது.

நான் ஆஸ்டினில் இருக்கிறேன். மதுரையில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தேன், அப்புறம் எம்.சி.ஏ., அப்புறம் எல்லோரையும் போல இங்கே. பத்து வருஷமாகச் சனி ஞாயிறுகளில் செடி பார்க்கப் போகிறேன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கம், கரிசல் காடு. டெக்ஸாஸின் மேற்குப் பக்கம் போகும்போதெல்லாம் வறண்ட மண்ணில் எனக்கு ஒரு பழக்கப்பட்ட மூச்சு வரும். பிக் பெண்டுக்கு அதற்குமுன் இரண்டு தடவை போயிருந்தேன். அந்தச் செடி வளர்கிற வடக்கு ஓரம் வழியாகத்தான் இரண்டு தடவையும் காரில் உள்ளே நுழைந்திருக்கிறேன். இதை நினைத்ததும் அன்று மதியம் வேலை ஓடவில்லை.

எட்டு லட்சம் ஏக்கர் பூங்கா அது. 1944 முதல் இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்து லட்சம் பேர் வருகிறார்கள். 1,200க்கும் மேற்பட்ட செடி வகைகளைத் தாவரவியலாளர்கள் அங்கே பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு 2024 மார்ச்சில் ஒரு செடி, பட்டியலில் எதோடும் பொருந்தாமல், பூத்துக்கொண்டு இருந்தது. பார்த்தவர் பேராசிரியர் இல்லை. டெப் மேன்லி என்கிற தன்னார்வலர், பூங்காவின் தாவரப் பணிகளுக்கு உதவுகிறவர். ஒரு ரேஞ்சரோடு பூங்காவின் வடக்குப் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது கற்களுக்கிடையே அந்தப் பஞ்சுக் கொத்துகளைக் கண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்மில் பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் "ஏதோ ஒரு பஞ்சுச் செடி" என்று கடந்து போயிருப்போம். அவர் படம் எடுத்தார், பெயர் தேடினார். கிடைக்கவில்லை. ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினார். பெர்க்லியில் 2008இல் மாணவர்களின் முதுகலைப் பட்டத்துக்கான வேலையாகத் தொடங்கியது அந்தத் தளம். இன்றைக்கு உலகம் முழுவதும் யாரும் தான் பார்த்த செடியை, பூச்சியை, பறவையை ஏற்றலாம், தெரிந்தவர் பெயர் சொல்வார். சாதாரணமாக ஒரு பூச்செடிக்கு ஒரு நாளுக்குள் யாராவது பெயர் போட்டுவிடுவார்கள். இதற்கு அந்த வட்டாரத்துச் செடிகளை விரல்நுனியில் வைத்திருப்பவர்களாலும் ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

செடி பார்க்கிறவர்களுக்கு இந்த நிலை எப்படி இருக்கும் என்று தெரியும். முதலில் நம் மேல்தான் சந்தேகம் வரும். பூவைச் சரியாகப் பார்க்கவில்லையோ, இலை சின்ன வயது இலையோ, நோய் வந்த செடியோ. அத்தனையும் கழித்துவிட்டுக் கடைசியாகத்தான் "இதற்குப் பெயரே இல்லையோ" என்கிற எண்ணம் வர வேண்டும், வரலாம்.

இந்தக் குடும்பத்தில் அந்தச் சந்தேகம் இன்னும் கூடுதல். சாமந்தி, சூரியகாந்திக் குடும்பம் உலகின் மிகப் பெரிய பூச்செடிக் குடும்பங்களில் ஒன்று, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும் மஞ்சள் பூக்கள். அமெரிக்கத் தாவரவியலாளர்களே இந்த மஞ்சள் பூக் கூட்டத்தைத் திட்டிக்கொண்டேதான் அடையாளம் காண்பார்கள்.

ஆனால் நமக்கு இந்தக் குடும்பத்தைச் சொல்லித்தர ஒரு நல்ல வாத்தியார் இருக்கிறது. தாத்தாப் பூ. கிணற்றடியில், வரப்பில், பள்ளிக்கூட மைதானத்தில் எங்கேயும் கிடக்கும். காம்பை விரலால் சுற்றி "தாத்தா தாத்தா தலையைக் குடு" என்று கட்டைவிரலால் சுண்டிவிட்டுத் தலையைப் பறக்கவிடுவோமே, அதேதான். வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வார்கள், அறுவாள் பட்ட இடத்தில் இலையைக் கசக்கிச் சாறு விடுவார்கள். அந்தத் 'தலை' ஒரு பூ இல்லை. ஓரத்தில் வெள்ளையாக நாலைந்து இதழ் தெரியும், ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பல்லாக வெட்டியிருக்கும். அந்த ஒவ்வோர் இதழும் ஒரு தனிப் பூ: கதிர்ச் சிறுமலர். நடுவில் மஞ்சள் பொட்டாகத் தெரிவது, நெருக்கமாக நிறுத்திவைத்த ஐம்பது அறுபது குழாய்ப் பூக்கள்: தட்டுச் சிறுமலர்கள். எல்லாவற்றையும் கீழே இருந்து பச்சைச் செதில்கள் ஒரு கிண்ணம் மாதிரி ஏந்தியிருக்கும். மொத்தமும் சேர்ந்து ஒரு தலை மஞ்சரி. ஒரு ஊரே கூடி ஒரு ஆள் மாதிரி நிற்கிறது.

இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கரிசலாங்கண்ணியில் கதிர்ப் பூ வெள்ளையாக, மெல்லிசாக, நிறைய. சூரியகாந்தியில் கதிர்ப் பூ விதை தராது, வண்டைக் கூப்பிடத்தான். பார்த்தீனியத்தில் கதிர்ப் பூ வெறும் ஐந்து, ஐந்து மூலையில் ஐந்து துளி. எண்ணிக்கை, நிறம், செதில் எத்தனை அடுக்கு, விதையின் தலையில் மயிர் இருக்கிறதா முள் இருக்கிறதா, இதை வைத்துத்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது.

ஓவிகுலாவின் பின்பாதிப் பெயருக்கு அர்த்தமே இதுதான். பைரேடியேட்டா: இரண்டு கதிர் உள்ளது. படத்தில் கொம்பு மாதிரி தெரிந்த அந்த இரண்டும் இரண்டு கதிர்ப் பூக்கள். ரோமத்தை விட்டுவிட்டு அவற்றைப் பார்த்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூட வசந்த விடுமுறை மார்ச்சில் வந்தது. பதினோரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்டினிலிருந்து ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பூங்காவுக்கு வடக்கே மாரத்தான் என்று ஒரு சின்ன ஊர், ரயில் பாதை ஓரம். ராத்திரி அங்கே தங்கினோம். எட்டு மணிக்கு ஊருக்குப் போன் போட்டேன், அங்கே காலை ஆறரை. அம்மா வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். எதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று சொல்லி, அந்தப் படத்தைக் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னய்யா இது, செம்மறிக் குட்டி படுத்துக் கெடக்க மாரியில்ல இருக்கு" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. ஓவிஸ் என்றால் லத்தீனில் செம்மறி. ஓவிகுலா என்றால் செம்மறிக் குட்டி. வெள்ளை ரோமத்தையும், அந்தப் பாலைவன மலைகளில் திரிகிற பெருங்கொம்புச் செம்மறியையும் நினைத்து விஞ்ஞானிகள் வைத்த பெயர் அது. அதை அம்மாவிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "அப்படித்தான இருக்கு, வேற என்ன பேரு வைப்பாக" என்றாள். அப்புறம், "ஆடு கடிக்குமா இதை?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுச் செடியைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். ஆடு கடிக்கும், கடிக்காது, கடித்தால் வயிறு ஊதும். அம்மாவின் செடிப் பட்டியல் இந்த மூன்று பிரிவில் அடங்கும், ஒவ்வொரு பிரிவிலும் நூறு பெயருக்குக் குறையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே பூங்காவின் வடக்கு வாசலைத் தாண்டிவிட்டோம். அந்தப் பக்கம் டாக் கேன்யன் என்று ஒரு மலையிடுக்கு, நெடுஞ்சாலையோரம் காரை விட்டுவிட்டு ஒரு வழிக்கு இரண்டு மைல் வெட்டவெளியில் நடந்தால் போகலாம். நிழல் என்று ஒன்று கிடையாது. அதே தடத்திலிருந்து பிரிந்து டெவில்ஸ் டென் என்கிற சுண்ணாம்புப் பாறைப் பிளவுக்கும் போகலாம். புதுச் செடி கண்டுபிடித்த இடங்களில் ஒன்று அது. 'பேயின் குகை' என்கிற அந்தப் பெயரும் கொம்பு மாதிரியான கதிர்ப் பூக்களும் சேர்ந்துதான் செடிக்குக் 'கம்பளிப் பேய்' என்று ஒரு செல்லப்பெயரும் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. மூன்று அங்குல அகலம்கூடத் தாண்டாத ஒன்றைப் பேய் என்று கூப்பிட மனசு வரவில்லை, செம்மறிக் குட்டியே போதும்.

நடக்கும்போது மகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். சாமந்திக் குடும்பம் என்று தோன்றுகிற எதையும் நிறுத்திக் காட்ட வேண்டும். முதல் அரை மைலில் அவள் காட்டியதெல்லாம் கிரியோசோட் புதர். மஞ்சள் பூ, ஆனால் ஐந்து தனி இதழ், ஒரே பூ. இல்லை என்றேன். அதற்கு அப்புறம் முழங்கால் உயரத்தில் சாம்பல் பூத்த ஒரு புதரைக் காட்டினாள். போன வருஷத்துப் பூத்தலைகள் காய்ந்து குச்சி நுனியில் கொத்துக்கொத்தாக நின்றன.

குனிந்து பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தேன். இலை ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு, ஓரம் உருண்டை உருண்டையாக மடலிட்டிருந்தது, மேலே வெள்ளை மயிர்ப் படிவு. பூத்தலை மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் விளிம்பை மெதுவாகத் திருப்பி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்து மூலை, ஐந்து காய்ந்த துளி.

இந்த ஐந்தை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆள் உயரம் வளர்ந்து நிற்கும் அந்த ஐந்து. அப்பாவின் கைகளில் வருஷா வருஷம் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவந்த பார்த்தீனியத்தின் ஐந்து. என் முன்னால் நின்றது மரியோலா என்று அங்கே சொல்கிற புதர், பார்த்தீனியம் இன்கேனம். நம் ஊர் விஷச்செடிக்குக் கூடப்பிறந்தது, ஆனால் புதராக, நூற்றுக்கணக்கான மைல் வறண்ட பூமியில் தன் இடத்தில் அடக்கமாக நிற்கிறது. அங்கே அது யாருக்கும் தொந்தரவில்லை. 1950களில் புனேயில் கண்டு சொன்ன பிறகு நாடு முழுக்கப் பரவிய நம் பார்த்தீனியத்தின் சொந்த ஊரும் அமெரிக்கக் கண்டம்தான். தாத்தாப் பூவுக்கும் அப்படியே. துலுக்க சாமந்தி, சூரியகாந்தி எல்லாமே இந்தப் பக்கத்துச் சரக்கு. நான் ஊர்ச் செடி என்று நினைத்து வளர்ந்த சாமந்திக் குடும்பத்தில் பாதி இங்கிருந்து கப்பலேறி வந்தது என்பது படித்துத் தெரிந்த விஷயம்தான். அந்தப் பூத்தலையை விரல் நடுவில் வைத்திருந்தபோது அது வேறு மாதிரி உறைத்தது.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு உடன்பிறப்பும் அந்த வட்டாரத்தில் உண்டு, குவாயூலே. அதுவும் வெள்ளி நிறப் புதர், அதன் தண்டில் ரப்பர் இருக்கிறது. மாரத்தானிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அரைத்து ரப்பர் எடுக்க ஓர் ஆலை இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றுபோக, அரசாங்கமே இந்தச் செடியைப் பெரும்பாலும் கலிபோர்னியாவில் 30,000 ஏக்கருக்கும் மேல் பயிரிட வைத்தது. என் தாத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள் என்பதோடு கடிதம் நின்றுவிட்டது. அவருடைய கை நின்றுபோன அதே வருஷத்தில் இங்கே ஒரு சாமந்திக் குடும்பப் புதரைத் தேடி ஓடியிருக்கிறார்கள். போர் முடிந்ததும் தோட்டங்களை அழித்துவிட்டார்கள்.

மகள் அதற்குள் ஒரு பாறைச் சரிவிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, இது வாசனையா இருக்கு." கணுக்கால் உயரம், ஊசி ஊசியாகக் கரும்பச்சை இலை, பூ இன்னும் இல்லை. பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது, அதனால் செடியிலேயே வைத்து ஓர் இலையை லேசாகத் தேய்த்துவிட்டு விரலை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "பூ மார்க்கெட் வாசனை" என்றாள். சரியாகச் சொன்னாள். டாமியானிட்டா என்கிற அந்தக் குறும்புதர் நம் துலுக்க சாமந்திக்கு நெருங்கிய சொந்தம். இலையில் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாக இருக்கும், லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் தெரியும். பூ இல்லாமலே குடும்பத்துக்குள் எந்தத் தெரு என்று மூக்கே சொல்லிவிடும் சில சமயம்.

இப்படிப் பழகிய அடையாளங்களைத் தொட்டுத் தொட்டுத்தான் ஒரு செடியின் பெயருக்குப் போய்ச் சேர்கிறோம். கல்லூரியில் எங்களுக்குத் திறவுகோல் என்று சொல்லித்தந்தார்கள். இரண்டிரண்டு கேள்வியாகப் போகும். கதிர்ப் பூ உண்டா, இல்லையா? உண்டு என்றால் மஞ்சளா, வேறு நிறமா? செதில் ஓர் அடுக்கா, பல அடுக்கா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கதவு திறக்கும், ஒரு கதவு மூடும். கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெயர் நிற்கும். நல்ல திறவுகோல் கையில் இருக்கும்போது அது தருகிற நிம்மதி பெரிது.

பெயரில்லாத செடியில் என்ன ஆகிறது என்றால், நடுவழியில் ஏதோ ஒரு கேள்விக்கு இரண்டு பதிலுமே பொருந்தாது. திரும்பி வந்து வேறு கதவு வழியாகப் போனால் அங்கேயும் முட்டும். அந்த இடத்தில்தான் ஹெர்பேரியம், உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கிற காப்பகம், தேவைப்படுகிறது. கல்லூரியில் படித்தபோது கோயம்புத்தூரில் இருக்கிற மதராஸ் ஹெர்பேரியத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். இரும்பு அலமாரிகள், பூச்சி மருந்து வாசனை, நூறு வருஷத்துக்கு முந்தைய செடிகள் பழுப்புத் தாளில் தைத்து ஒட்டியபடி. எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று மூலையில் மையால் எழுதியிருக்கும். ஒரு சிற்றினத்துக்குப் பெயர் வைத்தபோது இதுதான் அது என்று கைகாட்டிய தாளுக்கு வகைமாதிரி என்று பெயர். அதைத் தனி உறையில் வைத்திருப்பார்கள். அந்த உறையைத் திறந்தபோது எங்கள் பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். கோயிலில் திரை விலகும்போது தாழ்த்துகிற மாதிரி.

ஓவிகுலாவுக்கும் இதே வேலைதான் நடந்தது. கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் ஐசக் லிக்டர்-மார்க், பாறை இடுக்கில் வளர்கிற பாலைவன சாமந்தி வகைகளை ஆராய்ந்து வந்தவர். டெக்ஸாஸின் மேற்குப் பகுதிச் செடிகளை வாழ்நாள் முழுக்கப் படித்த சல் ராஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பவல், பூங்காவின் தாவரவியலாளர் கேரலின் வைட்டிங், இவர்களெல்லாம் சேர்ந்தார்கள். செடியின் டி.என்.ஏ.வைப் படித்தார்கள், ஹெர்பேரியத் தாள்களோடு ஒப்பிட்டார்கள். சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் தெரிந்த எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை என்று வந்தது. 2025 பிப்ரவரியில் ஃபைட்டோகீஸ் என்கிற தாவரவியல் இதழில் கட்டுரை வெளியானது. எழுதியவர்களில் டெப் மேன்லியின் பெயரும் இருக்கிறது. முதலில் பார்த்தவர் பெயர் நன்றி சொல்கிற வரியோடு நின்றுவிடாமல் ஆசிரியர் வரிசைக்கு வந்தது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

அமெரிக்க தேசியப் பூங்கா ஒன்றில் ஒரு புதிய பேரினமும் சிற்றினமும் சேர்ந்து கிடைத்து ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஆகிறது என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. முந்தையது கலிபோர்னியாவின் டெத் வேலியில் கிடைத்த ஜூலை கோல்ட் என்கிற புதர், 1976இல் பெயர் வைத்தது. அப்போது டெத் வேலி தேசியப் பூங்காகூட இல்லை, 1994இல்தான் ஆனது. அதையும் கண்டுபிடித்தவர் மேரி டிடெக்கர் என்கிற பெண்மணி, பல்கலைக்கழக வேலையில் இல்லாமல் தானாகவே செடி படித்தவர். அந்தப் பேரினத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள், டிடெக்கெரா.

செய்திகளில் இன்னொன்றும் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது இலையில் சுரப்பிகள் தெரிந்தன, இந்தக் குடும்பத்தின் வேறு செடிகளில் அப்படிப்பட்ட சுரப்பிகளில் புற்றுநோய்க்கும் வீக்கத்துக்கும் எதிரான பொருள்கள் உண்டு என்று. பல பத்திரிகைகள் அதைத் தூக்கித் தலைப்பில் வைத்துவிட்டன. எனக்கு அது பிடிக்கவில்லை. பூங்காவில் மூன்றே மூன்று குறுகலான இடங்களில், அதுவும் கைவிரல் அளவுக்கு வளர்கிற ஒன்று. அது நமக்கு மருந்தாகுமா என்கிற கேள்வியை அதன் தலைமேல் முதல் நாளே ஏற்ற வேண்டாம். அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

டெவில்ஸ் டென்னுக்குப் போகிற வறண்ட ஓடையில் நாங்கள் மெதுவாக நடந்தோம். தடத்தை விட்டு விலகவில்லை. சரியான இடங்களை வெளியில் சொல்வதில்லை, சொல்லக் கூடாது. இவ்வளவு சின்ன செடிக்குப் பெரிய ஆபத்தே பார்க்க ஆசைப்பட்டு வருகிற செருப்புக் கால்கள்தான். ஓடையோரத்தில் ஒரு சரளைத் திட்டு வந்ததும் நான் குப்புறப் படுத்துவிட்டேன். பாலைவனத்தில் இந்த மாதிரி குட்டிச் செடிகளை வயிற்றில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், அங்கே அவற்றுக்கு வயிற்றுச் செடிகள் என்றே பெயர். மகளும் பக்கத்தில் படுத்தாள்.

கண் தரையோடு தரையாகப் போனதும் கற்களுக்கு நிழல் முளைத்தது. எறும்பு ஒன்று ஏதோ காய்ந்த செதிலைத் தூக்கிக்கொண்டு போனது. போன வருஷத்து ஓராண்டுச் செடி ஒன்றின் குச்சி, நூல் கனத்தில். ஒரு நத்தை ஓடு. கால் மணி நேரம் அந்த ஒரு முழ நிலத்தையே பார்த்தோம். பச்சை என்று ஒன்றுமே இல்லை.

அது எதிர்பார்த்ததுதான். அந்தக் குளிர்காலம் மழை பொய்த்திருந்தது. இந்தச் செடி மழை பெய்தால் முளைத்து, பூத்து, விதை போட்டுவிட்டுப் போய்விடுகிற வகை. வறட்சியில் இந்த வசந்தத்தில் கண்ணில் படுமா என்பதே சந்தேகம் என்று பூங்காத் தலைமையும் முன்பே சொல்லியிருந்தது. பாலைவன ஓராண்டுச் செடிகளின் விதைகளில் எல்லாமே முதல் மழைக்கு முளைத்துவிடாது. ஒரு பங்கு மண்ணுக்குள் கண்ணை மூடிக் கிடக்கும், அடுத்த மழைக்கோ அதற்கடுத்த மழைக்கோ. எங்கள் மானாவாரிக் காட்டிலும் அப்படித்தான். மூன்று வருஷம் கட்டாந்தரையாகக் கிடந்த கரிசலில் ஐப்பசி மழை ஒன்று விழுந்ததும் தும்பையும் கொழுஞ்சியும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்கும்.

"இங்க இருக்கா அப்பா, இல்லையா?" என்று மகள் கேட்டாள்.

"விதையா இருக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்திருக்கும்போது கையை ஊன்றுகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து ஊன்றினாள்.

அன்று ராத்திரி ஐநேச்சுரலிஸ்டில் மரியோலாவையும் டாமியானிட்டாவையும் ஏற்றினேன். மரியோலாவுக்கு அரை மணி நேரத்தில் இரண்டு பேர் ஆமோதித்தார்கள். ஓடையோரம் கண்ட அந்த நூல் குச்சியையும் மகள் படம் எடுத்து வைத்திருந்தாள். காய்ந்த குச்சியை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றேன். ஏற்றியே ஆக வேண்டும் என்றாள். பெயர் இடத்தில் 'செடி' என்று மட்டும் போட்டு ஏற்றினோம். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

ஜூன் மாதம் ஊருக்குப் போனோம். கிணற்றடியில் அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தாத்தாப் பூ. பேத்திக்கு ஒன்றைப் பறித்துக் கொடுத்து, காம்பை எப்படிச் சுற்ற வேண்டும், எந்த விரலால் சுண்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, என் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

"சுண்டு தாயி, தலை பறக்கும் பாரு" என்றாள் அம்மா.

"இருங்க அப்பத்தா, எண்ணிக்கிட்டு இருக்கேன்."